கோகிலவாணியின் நாலு கேள்வி

காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்து விசாரித்தபோது ஆராயி சிரித்தாள். பத்து மணிக்கு விசாரித்தபோது லேசாகத் தலையாட்டினாள். பதினோரு மணிக்கு மூன்றாவது முறையாகக் கோகிலவாணி வந்து நின்று, "என்னுங்க ஐயா, வலி எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டதும், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பதினொன்றாம் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் பச்சமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருடம் போர் போடும் ரிக் வண்டி ஓட்டிய மனிதர் அவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நன்றாகத்தான் இருந்தார்.

"வலி இல்லீங் அம்மிணி" என்றார்.

"பாத்ரூம் போகோணுமுங்களா?"

"இப்பத்தானுங்களே போயிட்டு வந்தேன்."

"பொரண்டு படுக்க ஒத்தாசை பண்ணட்டுங்களா? தண்ணி, போனு எல்லாம் கைக்கு எட்டுதுங்களா?"

"எட்டுதுங்க."

"இன்னும் ஒரு மணி நேரத்துல திரும்ப வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி கையிலிருந்த தாளில் நாலு டிக் போட்டாள். ஆராயியின் அழுகைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஆராய்ச்சி என்றால் வெள்ளெலியும் கண்ணாடிக் குடுவையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. திருச்செங்கோட்டுக்கு வெளியே இருந்த அந்த ஆஸ்பத்திரியில், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸான கோகிலவாணியின் ஆராய்ச்சிக்கு ஒரு கைக்கடிகாரமும் நாலு கேள்வியும் போதும். மணிக்கொரு தரம் ஒவ்வொரு கட்டிலுக்கும் போக வேண்டும். வலி, பாத்ரூம், புரண்டு படுப்பது, கைக்கெட்டும் பொருள், இந்த நான்கையும் கேட்க வேண்டும். முப்பது நாள் முடிந்ததும் வார்டில் கீழே விழுந்தவர்களை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

விழுவதுதான் அந்த வார்டின் தலைவலி. போன மாதம் மட்டும் ஐந்து பேர் விழுந்தார்கள். ஐந்து பேருமே பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போகும் வழியில் விழுந்தவர்கள். தலைமாட்டிலேயே அழைப்பு மணி தொங்குகிறது. ஒருவர்கூட அதை அழுத்தவில்லை. "ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு பொம்பளப் புள்ளைய ஓடியாரச் சொல்றதுங்களா?" என்பது இந்தப் பக்கத்து ஆண்களின் மரியாதை. இடுப்பு உடைந்தாலும் மரியாதை உடையக் கூடாது.

போன வருடம் இளம்பிள்ளையிலிருந்து பித்தப்பைக் கல்லுக்காக வந்த ஒரு நெசவாளிக்கு நிஜமாகவே இடுப்பு உடைந்தது. மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் நாற்பது நாள் படுத்திருந்தார். தரையில் கிடந்த அவரைத் தூக்கியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்களுக்கு ஒரு சோலி வெச்சுப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க அம்மிணி." அன்றைக்குக் கோகிலவாணி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்றால் நாமே போய்க் கேட்டுவிடுவோம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

நர்சிங் சூப்பரிண்டெண்ட் ரஞ்சனி மேடத்துக்கு வேறு யோசனை இருந்தது. கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் தூக்கி மாட்டிவிடுவது, யாரையும் கீழே இறங்கவிடாமல் எல்லாருக்கும் படுக்கையிலேயே பாத்திரம் வைப்பது.

"கம்பியத் தூக்கி மாட்டிட்டா எவன் விழப் போறான்?" என்றார் மேடம்.

"ஏறிக் குதிச்சு விழுவாங்க மேடம். அது இன்னும் ஒசரம்."

மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார். "சரி, முப்பது நாள் தர்றேன். ஒருத்தர் விழுந்தாலும் சரி, வார்டுல கலாட்டான்னு என் காதுக்கு வந்தாலும் சரி, அடுத்த நாளே கம்பிதான்."

ஆகவே ஆராய்ச்சியின் முதல் நாள், மூன்றாவது மணி நேரத்திலேயே ஒரு பெண்மணி அழுதது கோகிலவாணிக்கு நல்லதாகப் படவில்லை. ஆராயியை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"எதுக்குங்கம்மா அழுவறீங்க?"

"எங்கிட்ட மறைக்காதீங்க அம்மிணி. எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"எதுங்கம்மா?"

"அவருதான்."

"அவரு நல்லா இருக்காருங்கம்மா. வெள்ளிக்கெழம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

ஆராயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்கன்னு சொல்ற அளவுக்கு ஆயிப்போச்சுங்களா?"

"ஐயோ, குணமாயிருச்சுன்னு சொல்றனுங்கம்மா!"

"எங்க மாமியா ஒம்பது நாளு ஆஸ்பத்திரில கெடந்தாங்க. ஒரு நர்சுகூடத் திரும்பிப் பாக்கலீங்க. எந்திரிச்சு வந்து இருவது வருசம் ஆடு மேச்சாங்க. எங்கண்ணனுக்கு அப்படி இல்லீங்க. டாக்டரு வந்து கையப் புடிச்சுட்டு, 'என்ன சாப்படறீங்க'ன்னு அன்பாக் கேட்டாரு. மூணாம் நாளு போய்ச் சேந்துட்டான். நல்லா இருக்கறவங்கள எந்த ஆஸ்பத்திரியிலீங்க மணிக்கொருக்கா வந்து விசாரிக்கறாங்க?"

கோகிலவாணி இந்த ஆராய்ச்சிக்காக இருபத்திரண்டு கட்டுரைகள் படித்திருந்தாள். அன்பாக விசாரித்தால் ஆள் காலி என்று ஒரு கட்டுரையிலும் எச்சரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் மறுபடி போகத்தான் வேண்டியிருந்தது. போனாள். நாலு கேள்வி கேட்டாள். திரும்பி நாலு அடி வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஆராயியின் போன் குரல் கேட்டது. "ஆமா கண்ணு, பன்னெண்டு மணிக்கும் வந்து கேட்டுப்போட்டாங்க. மாப்பளையையும் கூட்டிட்டுச் சுருக்கா வாங்க."

மூன்று மணிக்கு மல்லசமுத்திரம் பக்கமிருந்து இரண்டு வேன் ஒட்டுக்கா வந்து நின்றது.

ஒரு நோயாளிக்கு ஓர் ஆள் என்பது ஆஸ்பத்திரி விதி. வாசலில் காவலுக்கு இருந்த பாலசுந்தரம் கண்டிப்பான மனிதர். ஒருமுறை டாக்டரையே பாஸ் கேட்டு நிறுத்தியவர். கோகிலவாணி அவரிடம் ஓடினாள்.

"இருவத்தாறு பேர உள்ள உட்டிருக்கீங்களேண்ணா!"

"கடைசியா மொகம் பாக்க வந்திருக்கறமுன்னு அழுவறாங்கம்மா. அவங்கள எப்படித் தடுக்கறது? பாவம் நம்மளச் சும்மா உடுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "பதினொண்ணாம் பெட்டு பெரியவரு அவ்வளவுதானாமே? பாத்தா நல்லாத்தான் இருந்தாரு."

வந்த உறவுக்காரர்கள், அந்தப் பக்கத்துப் பேச்சில் ஒரம்பரைகள், வெறுங்கையோடு வரவில்லை. ஆரஞ்சு, பிரெட், இளநீர், போசி நிறையச் சோறு, தூக்கு நிறைய ரசம். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பச்சமுத்துவின் முகத்தையே பார்த்தார்கள். நாலு மணிக்குக் கோகிலவாணி வந்து, "வலி இருக்குதுங்களா?" என்று கேட்டபோது இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

பக்கத்துக் கட்டில்களில் இதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாம் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தீனதயாளன், குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர், மகனுக்குப் போன் போட்டார். "பதினொண்ணாம் பெட்டுக்காரர மணிக்கொருக்கா விசாரிச்சாங்கடா. பாவம், ஆளு அவுட்டுன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா எங்கிட்டயும் வந்து அதே நாலு கேள்விதாண்டா கேட்டுட்டுப் போறாங்க."

சாயங்காலம் குமாரபாளையத்திலிருந்தும் ஒரு வேன் வந்தது.

மறுநாள் காலை கோகிலவாணி தன் நர்ஸ்களைக் கூட்டினாள். "சிரிச்சுட்டுக் கேக்கறதுனாலதான் பயப்படறாங்க. இன்னைல இருந்து அன்பெல்லாம் காட்ட வேண்டாம். மொகத்த உர்ருன்னு வெச்சுட்டுக் கேளுங்க."

புதிதாக வேலைக்கு வந்திருந்த தேவிப்ரியாவுக்கு முகமே சிரித்த மாதிரி அமைந்தது. அதை உர்ரென்று வைத்துக்கொள்ள அவள் பட்ட பாட்டில் அழப் போகிறவள் மாதிரி ஆகிவிட்டது. அந்த முகத்தோடு பதினொன்றாம் கட்டிலுக்குப் போய், "வலி இருக்குதுங்களா" என்றாள்.

"நேத்து சிரிச்ச புள்ள இன்னைக்கு அழுவுது. ரிப்போர்ட்டு வந்திருச்சு" என்றது ஒரு குரல்.

அரை மணி நேரத்தில் தேவிப்ரியா இரண்டு அதிரசத்தோடு திரும்பி வந்தாள். "நான் வேண்டாமுன்னுதான் சொன்னேன் அக்கா. 'எங்களுக்காக நீ ஏன் சாமி அழுவறே, சாப்புடு'ன்னு கையில திணிச்சுட்டாங்க."

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. உண்மைமேல் அவளுக்கு அப்போது அவ்வளவு நம்பிக்கை இருந்தது. வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வார்டு வாசலில் ஒட்டினாள். 'இந்த வார்டில் செவிலியர் ஆராய்ச்சி நடைபெறுகிறது. அனைவரும் ஒத்துழைப்புத் தரவும்.'

பத்து நிமிடத்தில் தீனதயாளனின் மகன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கப்பாவுக்கு என்ன ஊசி போட்டுச் சோதன பண்றீங்க?"

"ஊசி இல்லீங்க தம்பி. கேள்விதான்."

"கேள்வியில என்னங்க ஆராய்ச்சி?"

"கேட்டா விழுக மாட்டாங்களான்னு பாக்கறோம்."

"கேக்கறதுக்கும் விழறதுக்கும் என்னங்க சம்பந்தம்? மருந்தக் குடுத்துப்போட்டு மயக்கம் வருதான்னுதான் மணிக்கொருக்கா பாக்கறீங்க!"

சேர்க்கும்போதே ஆராய்ச்சிக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடும் பதினாலு தாளில் அதுவும் ஒன்று, யாரும் படிக்கவில்லை. கோகிலவாணி அந்தத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக விளக்கினாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் அவள், "புரிஞ்சுதுன்னா கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

அதுதான் தப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, கையெழுத்துக் கேட்டால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அந்த மாதிரிக் கையெழுத்தை ஒரு குடும்பம் தனியாகப் போட்டுவிட முடியாது. பங்காளி வர வேண்டும், மாமன் வர வேண்டும், மச்சான் வர வேண்டும்.

பச்சமுத்துவுக்குப் பங்காளி என்றால் சொந்தத் தம்பி சபரிநாதன்தான். பொதுக்கிணற்றில் மோட்டார் போடும் முறையில் சண்டை வந்து, பதினொரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கே வராதவர், அன்றைக்குச் செருப்பை வார்டு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய், வெள்ளி நீயே போட்டுக்கடா மோட்டாரு" என்றார் பச்சமுத்து.

"எனக்கெதுக்குண்ணா தண்ணி? நீ இருந்தாப் போதும்."

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்ற கவலையிலும் கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணை நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். அதுவும் ஒரு ரிப்போர்ட் ஆனது.

கடைசி ஆயுதமாக அவள் தலைமை டாக்டர் சந்திரசேகரிடம் போனாள். காலை எட்டு மணிக்கு ஒருமுறை வந்து, நின்றபடி பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர் அவர். "நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க சார்" என்று கெஞ்சியதால், மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வார்டுக்கு வந்தார். பச்சமுத்துவின் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர், தோளைத் தட்டியும் கொடுத்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. தைரியமா இருங்க."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. டாக்டர் வாசலைத் தாண்டியதும் பச்சமுத்து நிதானமாகச் சொன்னார். "மத்தியானத்துல பெரிய டாக்டரே வந்துட்டாரு. தோளத் தட்டிட்டாரு. இனி யாரும் எங்கிட்ட மறைக்க வேண்டாம்."

அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சொல்லப்போனால் அந்த வார்டிலேயே சந்தோஷமாக இருந்த ஆள் அவர்தான். வாழ்நாளில் இத்தனை பேர் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தன் மொபெட்டை மருமகனுக்குக் கொடுத்தார். வெள்ளாட்டுக் கிடாயைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டார். அக்கா மகன் கதிர் திருச்செங்கோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான், அவன் போனை மறைத்து மறைத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்னடா அது?" என்றார்.

"ஒண்ணுமில்லீங் மாமா."

"கண்ணீர் அஞ்சலிதான? காட்டுடா."

கதிர் தலையைக் குனிந்துகொண்டு காட்டினான். பச்சமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த போட்டோ வேண்டாம், திருடனாட்டம் இருக்குது. ரிக் வண்டி முன்னால வெள்ளச் சட்டையோட நிக்கறனே, அத வைய்யி. வண்டி நம்பரு தெரியற மாதிரி."

அன்று சாயங்காலம் எல்லாரையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஐந்து மணிக் கேள்விகளுக்காக வந்திருந்த கோகிலவாணி விலகிப் போக முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"ஆராயி, மனசுல ஒண்ணு கெடக்குது. சொல்லிப்போட்டாத்தான் நிம்மதி."

"சொல்லுங்க."

"நீ வருசா வருசம் பொரட்டாசி மாசம் சனிக்கெழம வெரதம் இருப்பயல்லோ? நானும் இருக்கறமுன்னு சொல்லீட்டு வண்டிக்குப் போவன்ல? ஒரு சனிக்கெழமகூட இருந்ததில்ல. எல்லா ஊர்லயும் பிரியாணி தின்னேன்."

ஆராயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் நின்றுபோயிருந்தது.

"மொதல்ல நல்லாகி ஊட்டுக்கு வாங்க" என்றாள். "அப்பறம் பேசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து தையலைப் பார்த்துவிட்டு, "டிஸ்சார்ஜ்" என்றார். எல்லாரும் வேண்டியது நடந்துவிட்டது என்று கோகிலவாணி பெருமூச்சு விட்டாள். பச்சமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போகல அம்மிணி."

"ஐயா, உங்களுக்குக் குணமாயிருச்சுங்க!"

"அதுதான பயமே. சாவறவன்னு நெனச்சு வாயத் தொறந்துட்டேன். இப்பப் பொழச்சுட்டு எந்த மூஞ்சியோட ஊட்டுக்குப் போறது?"

இரண்டு நாள் போகவில்லை. கட்டில் காலியாகாததால் அடுத்த நோயாளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், அவருடைய ஆட்களோடு. மூன்றாம் நாள் ஆராயியே வந்து பையில் துணிகளை அடுக்கினாள்.

"எந்திரிங்க. மொத வருசத்துல இருந்தே எனக்குத் தெரியும். பெருமாளுக்காக வெரதம் இருந்துட்டு வர்ற மனுசன் சட்டையில பட்டையும் கிராம்பும் மணக்குமா? உங்களுக்கும் சேத்து வருசா வருசம் நாந்தான் ஒருவேள எச்சாப் பட்டினி கெடந்தேன்."

பச்சமுத்து எழுந்து செருப்பைத் தேடினார். வேனில் ஏறும்போது கோகிலவாணியைக் கூப்பிட்டு, "அம்மிணி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மணியடிச்சு உன்னக் கூப்புடோணுமுன்னா வெக்கத்துல செத்தே போயிருப்பேன். நீயா வந்து கேட்டதால ஒருநாள்கூட அடக்கிட்டுக் கெடக்கல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் இருபது நாள் எதையும் தாங்கலாம் என்று அவளுக்கு இருந்தது. தாங்க வேண்டியும் வந்தது.

பச்சமுத்து உயிரோடு வீடு திரும்பியதும் பயம் தெளிந்துவிடும், கூட்டம் குறையும் என்று அவள் நினைத்தது தப்பு. ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். "அவ்வளவுதான்னு சொன்ன ஆளு. சாதி சனம் அத்தனையும் போய்ச் சுத்தி உக்காந்துச்சு. எமன் உள்ள வர வழியில்லாமப் போயிட்டான்."

அன்றிலிருந்து அந்த வார்டுக்கு வந்த ஒவ்வொரு நோயாளியும் முன்னெச்சரிக்கையாகப் பத்துப் பேரோடு வந்தார். மூலத்துக்கு வந்த ஒருவர் வேன், டெம்போ, மூன்று பாய்க்கட்டு என்று வந்து இறங்கினார். ஏழாம் கட்டிலில் ஒரு நாள் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். பதிமூன்றாம் கட்டிலுக்கும் நான்காம் கட்டிலுக்கும் பொண்ணு மாப்பிள்ளைப் பேச்சு நடந்து, ஜாதகம் கைமாறியது. நாலு கேள்வி கேட்கப் போகும் நர்ஸ்கள் கூட்டத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, நோயாளியைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தைக்கூடத் தவறவிடவில்லை. அதில் கோகிலவாணி கறாராக இருந்தாள்.

இருபத்தைந்தாம் நாள் ரஞ்சனி மேடம் வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே போக முடியவில்லை.

"இது வார்டா, கல்யாண மண்டபமா?"

"இன்னும் அஞ்சே நாள் மேடம்."

"கலாட்டா இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கலாட்டா இல்லீங்க மேடம். எல்லாரும் சந்தோசமாத்தான் இருக்காங்க."

"அதான் கலாட்டா" என்றார் மேடம். "முப்பதாவது நாள் பெரிய டாக்டரோட வர்றேன். கணக்கப் பாத்துட்டு அன்னைக்கே கம்பியத் தூக்கறோம்."

அந்த ஐந்து நாளும் கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. பாத்ரூம் பக்கம் எது விழுந்தாலும், ஒரு டம்ளர் உருண்டாலும், ஓடிப் போய்ப் பார்த்தாள். கட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் கம்பிக்குப் பின்னால் படுத்திருக்கும் மனிதர்கள் தெரிந்தார்கள். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கம்பியைத் தாண்டக் கால் தூக்கும் மனிதர்கள்.

முப்பதாம் நாள் டாக்டர் சந்திரசேகரும் ரஞ்சனி மேடமும் வந்தார்கள். விழுந்தவர் பதிவேட்டை வார்டு பணியாளர் சென்னிமலை கொண்டு வந்து கொடுத்தார். யார் விழுந்தாலும் ஓடிப் போய்த் தூக்குவதும், தூக்கியதை நர்ஸிடம் சொல்லி அதில் எழுத வைப்பதும் அவர் வேலை. பேச்சே இல்லாத மனிதர்.

மேடம் பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"போன மாசம் தரையில விழுந்தவங்க அஞ்சு பேரு" என்றார் மெதுவாக. "இந்த மாசம்... ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தர்கூடவா?" டாக்டர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட இல்லீங்க சார்" என்றாள் கோகிலவாணி. அவளுக்கே அப்போதுதான் அது முழுதாக உறைத்தது. கூட்டத்தைச் சமாளிப்பதிலேயே இருந்துவிட்டு, எண்ணிப் பார்க்க நேரமில்லாமல் போயிருந்தது.

டாக்டர் கை தட்டினார். வார்டில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும், எதற்கென்று தெரியாமலேயே, கூடச் சேர்ந்து தட்டினார்கள். "நாலே நாலு கேள்வி! கருவி வேண்டாம், கம்பி வேண்டாம். அடுத்த மாசத்துல இருந்து எல்லா வார்டுலயும் ஆரம்பிச்சிருங்க. இத நீங்க சேலத்துல நடக்கற நர்சிங் மாநாட்டுல வாசிக்கணும் கோகிலவாணி."

கோகிலவாணிக்கு இளம்பிள்ளை நெசவாளியின் முகம் நினைவுக்கு வந்தது. இனி ஒருவரும் தரையில் கிடந்தபடி தன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தபோது, இந்த மாதம் சாப்பிடாத சாப்பாடெல்லாம் ஒரே நேரத்தில் சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்தது. தேவிப்ரியா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உர்ரென்று இருக்க வேண்டிய அவசியம் இனி அவளுக்கும் இல்லை.

ரஞ்சனி மேடம்கூடச் சிரித்துவிட்டார். தோற்றாலும் பெருந்தன்மையாகத் தோற்கத் தெரிந்தவர். பதிவேட்டை மூடிக் கொடுத்தபடி, சும்மா நின்றிருந்த சென்னிமலையின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா சென்னிமலை, நீதான இருபத்துநாலு மணி நேரமும் இங்கயே கெடக்கற. நீ சொல்லு. எப்படி ஒருத்தர்கூடத் தரையில விழல?"

சென்னிமலை கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"தெனம் ரெண்டு மூணு பேரு விழுகத்தானுங்க மேடம் செஞ்சாங்க, ஒரம்பரைக பாய் போட்டுப் படுத்திருந்ததுனால அவங்க மேல விழுந்தாங்க, தரையில விழறதுக்கு எடம் எங்கீங்க இருந்துச்சு?"